பண்ணைக் கட்டடங்களில் பறவைத் தொல்லை

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



வயலில் நிற்கிற கதிரைக் குருவி கொத்தினால் நமக்கு உடனே கோபம் வருகிறது. தகரத்தைத் தட்டுகிறோம், கவண் எடுக்கிறோம், பரண் கட்டி ஆளை உட்கார வைக்கிறோம். ஆனால் அதே தானியத்தை அறுத்து, அடித்து, தூற்றி, காயவைத்து, மூட்டை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு கொட்டகைக்குள்ளே பறவை புகுந்து தின்றால், "போகட்டும், வாயில்லாத ஜீவன், எவ்வளவு தின்றுவிடப் போகிறது!" என்று விட்டுவிடுகிறோம். வயலில் இருக்கிற தானியத்தை விட வீட்டுக்கு வந்த தானியத்துக்கு நாம் போட்ட செலவு அதிகம். அதைத்தான் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு தின்னும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புறா நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். தானியக் கிடங்கில் நூறு புறா அடைந்தால் நாளைக்கு 3 கிலோ. மாதத்துக்கு 90 கிலோ. அதாவது ஒரு நெல் மூட்டைக்கு மேலே! பாதியை வெளியில் போய்த் தின்றாலும் மீதிப் பாதி உங்களுடையது. கோழிப் பண்ணைக்காரருக்கு வேறு மாதிரி சொன்னால் புரியும். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் எடுக்கிறது. அந்த நூறு புறாவும் கோழித் தீவனத்தையே தின்றால், முட்டையே போடாத 27 கோழிகளை நீங்கள் வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம். சிட்டுக்குருவி சின்ன உயிர், 25 அல்லது 30 கிராம் எடைதான். ஆனாலும் அதுவும் நாளைக்கு 6 கிராம் வரை தின்னும். இருநூறு குருவி வந்தால் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும்.

ஆனால் தின்பது சிறிய நஷ்டந்தான். கெடுப்பதுதான் பெரிய நஷ்டம். உத்தரத்தில் உட்கார்ந்து கீழே அடுக்கிய மூட்டையின் மேல் எச்சமிடுகிறது. சாக்கு ஈரமாகிறது, அந்த இடத்தில் பூசணம் பிடிக்கிறது, வியாபாரி கையை விட்டுப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார். தகரக் கூரையில் எச்சம் தங்கினால் தகரம் அரித்து ஓட்டை விழுகிறது. மழைநீர்த் தாரையில் கூடு கட்டி அடைத்துவிட்டால் தண்ணீர் சுவரில் இறங்குகிறது. பம்புசெட் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளே மைனா வைக்கோலும் நாரும் கொண்டுவந்து திணித்திருப்பதை உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். அதிலே ஒரு பொறி விழுந்தால் போதும். ஓலைக் கொட்டகையாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே நோய் இருக்கிறது. கோழி வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். நேற்று மாலை நன்றாக இருந்த கோழி இன்று தூங்கி வழியும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், நாலைந்து நாளில் கொட்டகையே காலியாகிவிடும். இந்தக் கிருமி புறாவுக்கும் வரும். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு, தானியத்தைக் கொத்தத் தெரியாமல் தடுமாறுகிற புறாவைப் பார்த்தால் அது உங்கள் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. சிட்டுக்குருவிக்கும் காகத்துக்கும் நோய் வராவிட்டாலும், காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குக் கிருமி போகிறது. கோழிப் பேனும் செல்லும் இந்த வழியாகவே வருகின்றன. நாம் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, வருகிற ஆளையெல்லாம் காலை நனைத்துவிட்டு வரச் சொல்கிறோம். கூரை வழியாக வருகிற குருவி எந்தத் தொட்டியில் காலை நனைக்கிறது?

பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இந்த விஷயம் இன்னும் பெரிதாகிவிட்டது. நம் நாட்டில் அது முதன்முதலாக 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானத்து ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்து இந்தூரிலும் காகங்கள் மரத்தடியில் செத்து விழுந்தன. சோதித்துப் பார்த்ததில் பறவைக் காய்ச்சல். 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துப் பண்ணைகளில் அதே நோய். ஒரு பண்ணையில் வந்துவிட்டால் சுற்று வட்டாரத்தில் இருக்கிற கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிக்கும்படி ஆகிறது. பக்கத்துக்காரர் செய்த அசட்டைக்கு நாமும், நாம் செய்த அசட்டைக்குப் பக்கத்துக்காரரும் நஷ்டப்பட வேண்டியிருக்கிறது.

சரி, இவ்வளவு தொல்லை கொடுக்கிற பறவையை என்ன செய்வது? விஷம் வைத்துக் கொன்றுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து களத்தில் தெளிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தத் தானியத்துக்கு எது வரும் என்று யாருக்குத் தெரியும்? புறாவும் வரும், நம் வீட்டுக் கோழியும் வரும், மயிலும் வரும். செத்த புறாவை நாயும் பூனையும் தின்னும். நாய் செத்துப் போகும். களத்தில் விளையாடுகிற குழந்தை கையில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை. பசை தடவிய பலகை வைப்பதும் இதே மாதிரிதான். குருவிக்கு வைத்ததில் ஆந்தை ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

சட்டமும் இடம் கொடுக்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகத்தை எலியோடு சேர்த்துத் தீங்கு செய்கிற உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மயிலைத் தொட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே எந்தப் பறவையையும் பிடிப்பதற்கு முன் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள். கொல்வதால் பலன் உண்டா என்று பார்த்தாலும் இல்லை. கொட்டகையில் தீனி இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, கூடு கட்டப் பொந்து இருக்கிறது. பத்துப் புறாவைக் கொன்றால் அந்த இடம் காலியாகிறது, பக்கத்து ஊர்ப் புறா பத்து வந்து உட்காருகிறது. வீடு காலி என்று பலகை மாட்டின மாதிரிதான். பிடித்து வண்டியில் ஏற்றி இருபது மைல் தள்ளி விட்டுவிட்டு வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். புறாவைத் தபால் கொண்டுபோகப் பழக்கியவர்கள் எதை நம்பிப் பழக்கினார்கள்? நீங்கள் வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் அது உத்தரத்தில் உட்கார்ந்திருக்கும்.

பறவையை ஒழித்துக்கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவில் நடந்தது ஒன்று உண்டு. 1958-இல் அங்கே எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி நான்கையும் ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கமே இயக்கம் நடத்தியது. ஊர் ஊராக மக்கள் கூடி, பாத்திரத்தைத் தட்டி, குருவியை உட்கார விடாமல் விரட்டி, களைத்து விழச் செய்தார்கள். கோடிக்கணக்கில் குருவி செத்தது. அதற்குப் பிறகு வெட்டுக்கிளியும் புழுவும் பயிரில் பெருகின. 1960-இல் குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். குருவி தானியம் தின்கிற பறவைதான். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழு பூச்சி.

அப்படியானால் விரட்டலாமா? கொஞ்ச நாளைக்கு விரட்டலாம். பளபளக்கிற சிவப்பு, வெள்ளி நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்கும். நெல் காய்கிற நாலைந்து நாளைக்குக் களத்துக்கு அது போதும். கொட்டகையில் மாதக்கணக்கில் கட்டி வைத்தால் காகம் அதன் மேலேயே உட்காரும். பிளாஸ்டிக் ஆந்தை பொம்மையும் அப்படியே, ஒரு வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டாசு வெடிப்பது வயலுக்குச் சரி. கோழிக் கொட்டகைப் பக்கம் வெடித்தால் கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் போய் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து நசுங்கும், முட்டையும் குறையும். மனிதன் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிப் பறவையை விரட்டும் என்று ஒரு மின்சாரப் பெட்டியைச் சந்தையில் விற்கிறார்கள். நம் காதுக்குக் கேட்காத அந்த உச்ச ஒலி பறவையின் காதுக்கும் கேட்காது. பணத்தை அதில் போடாமல் வலை வாங்குங்கள்.

செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடுகிற வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பெரியவர்கள் செய்தார்கள், மற்றக் காகங்கள் கிட்டே வராமல் இருந்ததும் உண்மை. ஆனால் இப்போது அதைச் செய்யாதீர்கள். காகம் எதனால் செத்தது என்று நமக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட காகமோ, கொக்கோ, மைனாவோ காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல், பிள்ளைகளையும் நாயையும் கிட்டே விடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். கட்டித் தொங்கவிட்டால் கறுப்புத் துணியையோ பழைய குடைத் துணியையோ தொங்கவிடலாம், அவ்வளவுதான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். நம் கொட்டகையைத் தேடிப் பறவை வருவதற்குக் காரணம் தீனி, தண்ணீர், உட்கார இடம், கூடு கட்டப் பொந்து, இவ்வளவுதான். இவற்றைக் கொடுக்காவிட்டால் அது வராது. ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு தடவை டார்ச் விளக்கோடு, கொட்டகைக்குள்ளே நின்று பாருங்கள். எந்த வழியாக நுழைகிறது, எதைத் தின்கிறது, எந்தச் சட்டத்தில் அடைகிறது என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் வலை வாங்குவது காலளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

முதலில் தீனி. கோழித் தீவனத் தொட்டியை விளிம்பு வரை நிரப்புகிறார்கள். கோழி அலகால் கிளறிக் கீழே தள்ளுகிறது, அதைப் பொறுக்கக் குருவி வருகிறது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். வேண்டுமானால் ஒரு வேளை கூடுதலாகப் போடலாம். சிந்தினதை அன்றன்றே கூட்டி எடுங்கள். மாட்டுத் தொழுவத்தில் தவிடும் பிண்ணாக்கும் வைத்த தொட்டியை மாடு தின்று முடித்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தீவன மூட்டையை வாய் திறந்து வைக்காதீர்கள். கிடங்கு வாசலிலும் அரவை இயந்திரத்தடியிலும் சிந்திக் கிடக்கிற குருணையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் பறவைக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். அதைத் தின்ன வந்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

தண்ணீருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். மூடி இல்லாத தொட்டியில் காகம் குளிக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் ஆயிரம் கோழி குடிக்கிறது. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யுங்கள்.

உட்காருகிற இடம் பெரும்பாலும் சுவரின் மேல்தலை, உத்தரம், சன்னல் மாடம். புறாவுக்குத் தட்டையான இடம் வேண்டும். அந்தத் தட்டை இடத்தின் மேல் ஒரு பலகையையோ தகரத்தையோ சாய்த்து ஆணி அடித்துவிடுங்கள். சாய்வு பாதிச் செங்குத்தாவது, அதாவது 45 டிகிரியாவது இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் சிமெண்டுக் கலவையாலேயே சாய்வு பூசிவிடலாம், கொத்தனாருக்கு அரை நாள் வேலை. புறா வந்து உட்காரும், சறுக்கும், இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுப் போய்விடும். புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள் கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிட்டால் தனியாகச் செலவே இல்லை.

இப்போது முக்கியமான வேலை, வழியை அடைப்பது. வலையின் கண் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பறவை நிற்கும் என்பது. புறாவை நிறுத்த 2 அங்குலக் கண் போதும். மைனாவை நிறுத்த ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே இருக்கலாம். சிட்டுக்குருவியை நிறுத்த முக்கால் அங்குலம் வேண்டும், அதற்கு மேல் கூடாது. கோழி வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்று பெரிய கண் வலையை அடித்துவிட்டு, "வலை போட்டும் குருவி வருகிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. கோழி வெளியே போகாததற்குப் போட்ட வலை வேறு, குருவி உள்ளே வராததற்குப் போடுகிற வலை வேறு. அதற்காகக் கொசுவலை மாதிரி நெருக்கமாகவும் போட்டுவிடாதீர்கள். தூசியும் சின்னச் சிறகும் படிந்து கண் அடைத்துக்கொள்ளும், காற்று வராது. சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்துகொண்டு சாகும். முக்கால் அங்குல வலையைக் கூட மாதம் ஒரு தடவை தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும்.

கம்பி வலையா, நைலான் வலையா? தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கம்பி வலைதான், ஏனென்றால் நைலானை எலி கடித்துவிடும். அதற்கு மேலே நைலான் போடலாம், வெயில் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எப்படிக் கட்டினாலும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி ஓட்டி, ஓர் அடிக்கு ஒரு முடிச்சு. பழைய மீன்வலையைத் தளரத் தொங்கவிட்டால் பறவை சிக்கிச் சாகும், சாரைப்பாம்பும் சிக்கிக்கொள்ளும். எலி பிடிக்கிற சாரையை நாமே கொன்றதாக ஆகும்.

சன்னலுக்கும் பக்கவாட்டுக்கும் வலை அடித்துவிட்டு மேலே பார்க்காமல் இருந்துவிடுவார்கள். வளைவு வளைவான கூரைத் தகடு சுவரில் வந்து உட்காருகிற இடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே ஒரு சந்து இருக்கும். இரண்டு விரல் நுழைகிற சந்தில் குருவி நுழையும். அந்தச் சந்தையெல்லாம் ஓட்டுச் சில்லும் கலவையும் வைத்து அடைக்க வேண்டும். முகட்டில் காற்றுப் போக விட்ட திறப்புக்கு வலை, கழிவுநீர் போகிற ஓட்டைக்கும் வலை. ஓலைக் கொட்டகையில் எரவாணத்தைக் குருவி பிய்த்து உள்ளே வரும். அங்கே உள்பக்கமாக வலையை ரீப்பரோடு சேர்த்து அடிப்பது நல்லது. ஆள் அடிக்கடி போய்வருகிற வாசலுக்குக் கதவு சரிப்படாது, திறந்தபடிதான் கிடக்கும். அகலமான பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று சிறிது ஏறும்படி தொங்கவிட்டால் ஆளும் தள்ளுவண்டியும் போகும், பறவை வராது.

வலையை என்றைக்கு மூடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இரவில் மூடினால் அடைந்திருக்கிற பறவை எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். எல்லா வழியையும் அடைத்து ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில், எல்லாம் மேயப் போன பிறகு, உள்ளே ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அதையும் மூடிவிடுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் பொறுத்திருப்பது நல்லது. தாயை வெளியே வைத்து மூடினால் குஞ்சு உள்ளேயே செத்து நாறும், புழு வைக்கும், அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. குருவி முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். புறாவுக்கு முட்டை பொரிக்க 18 நாள், குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்கு மேலே. புறா வருஷம் முழுக்க முட்டை இடுகிற ஜாதி, அதனால் அதற்குச் "சீசன் முடியட்டும்" என்று காத்திருக்க முடியாது. குஞ்சு பறந்த மறுநாளே கூட்டைக் கலைத்து இடத்தை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முட்டை வந்துவிடும்.

கூடு எடுக்கிறபோதும் எச்சத்தைச் சுரண்டுகிறபோதும் எச்சரிக்கை தேவை. காய்ந்த புறா எச்சத்தின் தூசியில் ஒரு வகைப் பூசணம் இருக்கும். அது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும், சிலருக்கு மூளைக்கும் போய்விடும். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர், இழுப்பு உள்ளவர் இருந்தால் அவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஈரத்தோடு வாருங்கள். வறண்டபடியே துடைப்பம் போடாதீர்கள். வாரினதைத் தூர எறிய வேண்டாம், எருக்குழியில் போட்டு மண் மூடி மக்கவிட்டால் நல்ல உரம். பாரசீகத்தில் இஸ்பகான் பக்கம் முலாம்பழத் தோட்டத்துக்கு உரம் வேண்டுமென்றே புறாவுக்குக் கோபுரம் கட்டி வைத்திருந்தார்கள், இன்றைக்கும் அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. அவர்கள் புறாவுக்குத் தனி வீடு கட்டினார்கள், தானியக் கிடங்கில் குடிவைக்கவில்லை.

கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வலை எல்லாம் சரியாக அடித்திருப்பீர்கள். ஆனால் செத்த கோழியை எங்கே போடுகிறீர்கள்? வேலிக்கு அப்பால் ஓடையில் எறிந்தால், காகம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த பண்ணையின் கூரையில் வைத்துத் தின்னும். அங்கிருந்து கீழே விழும். இரண்டு மைல் தள்ளி இருக்கிற பண்ணைக்கு நோய் எப்படி வந்தது என்று பிறகு எல்லோரும் ஆச்சரியப்படுவோம். செத்த கோழிக்கு ஆழக்குழி வெட்டி, மேலே சிமெண்டுப் பலகை மூடி, ஒரு சின்னக் கதவு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கும் கொட்டகைக்கும் எட்டத்தில், மேடான இடத்தில் குழி இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். உடைந்த முட்டையும் அதற்குள்ளேதான். வலை போட்டுவிட்டோம், இனித் தடுப்பூசி எதற்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். வலை பறவையைத் தடுக்கும். ஆள் செருப்பில் வருகிற கிருமியையும், பழைய முட்டை அட்டையில் வருகிற கிருமியையும் அது என்ன செய்யும்?

மாட்டுத் தொழுவத்தில் காகத் தொல்லை வேறு வகை. நுகத்தடி அழுத்திக் கழுத்தில் புண் வந்த காளையைக் காகம் விடாது. புண்ணைக் கொத்திக் கொத்திப் பெரிதாக்கிவிடும். அங்கே காகத்தை விரட்டுவதை விடப் புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் முக்கியம். வேப்பெண்ணெய் தடவி, ஆறும் வரை வண்டியில் பூட்டாமல், பகலில் கூரையடியில் கட்டுங்கள்.

பறவை என்றாலே பகை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயலில் நாமே டி வடிவத்தில் குச்சி நட்டு, "வா, வந்து உட்கார்ந்து புழுவைப் பிடி" என்று கூப்பிடுகிறோம். அங்கே வந்து உட்காருகிற கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, கொட்டகைக்கும் காவல்தான். அது கூடு கட்டியிருக்கிற மரத்துப் பக்கம் காகத்தை அண்டவிடாது, தன்னை விடப் பெரிய பறவையை முதுகில் கொத்தி விரட்டும். கொட்டகை ஓரத்து மரத்தில் கரிச்சான் கூடு இருந்தால் அந்தக் கிளையை வெட்டாதீர்கள்.

பழைய கட்டடத்தில், முகட்டுப் பொந்தில் கூகை இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். முகம் வெள்ளையாக, தட்டு மாதிரி இருக்கும், இரவில் கீச்சென்று கத்தும். சாக்குருவி என்று பயந்து கல்லெடுத்து அடிக்கிறார்கள். அது அலறுவதற்கும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆவதற்கும் சம்பந்தமே இல்லை. அது தின்பது எலி. ஓர் இரவுக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கும், குஞ்சு இருக்கிற காலத்தில் இன்னும் அதிகம். தானியத்தை அது தொடுவதே இல்லை. ஆகவே கிடங்கை அடைக்கிறபோது கூகைப் பொந்து எங்கே என்று பார்த்து, அதன் வழியை மட்டும் அடைக்காமல், அந்தப் பொந்திலிருந்து கிடங்குக்குள் வருகிற பக்கத்தை மட்டும் பலகை அடித்து மூடுங்கள். அது வெளியிலிருந்து வந்து வெளியே போகட்டும்.

சிட்டுக்குருவியைக் கொட்டகையிலிருந்து வெளியே அனுப்பினால் அது எங்கே போகும் என்று தாய்மார்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டணத்தில் குருவி குறைந்துவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். டில்லியில் 2012-இல் அதைத் தங்கள் மாநிலப் பறவையாகவே அறிவித்தார்கள். கோழிக் கொட்டகைக்கும் தானியக் கிடங்கிற்கும் எட்டத்தில், வீட்டின் வெளிச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, வெயில் நேராகப் படாத இடத்தில் ஒரு சின்ன மண்கலயத்தையோ மரப்பெட்டியையோ மாட்டிவையுங்கள். வாய் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். குருவி நுழையும், மைனா நுழையாது. கலயத்தின் அடியில் தண்ணீர் தேங்காமல் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். கிடங்கை மூடுவதற்குப் பத்து நாள் முன்பே மாட்டிவிட்டால் குருவி பார்த்துப் பழகிக்கொள்ளும்.